மணியை அடித்தது யார்?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, வேலை நாள் என்றும் பார்க்காமல் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

‘அமேலியின் கதையை நடத்திச் செல்வது விதியின் விளையாட்டா, மனிதரின் கைவேலையா?’ என்பது இன்றைய தலைப்பு. மனிதரின் கைவேலையே என்று சொல்லும் அணியில் நிற்கிறேன். தலைப்பில் ஒரு பக்கம் கொடுத்தார்கள் என்பதற்காக நிற்கவில்லை. இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்த நாளிலிருந்தே என் கட்சி இதுதான்.

படம் பார்க்காதவர்களுக்காக இரண்டு நிமிடம். ‘அமேலி’, 2001 ஏப்ரலில் பிரான்சில் வெளிவந்த படம். இயக்கியவர் ழான் பியேர் ழனே, அமேலியாக நடித்தவர் ஓத்ரே தோத்தூ. பாரீஸில் மோன்மார்த்தர் என்று ஒரு குன்றுப் பகுதி. அங்கே லெபிக் தெருவில் ‘இரண்டு காற்றாலை’ என்று ஒரு காப்பிக்கடை. அமேலி அதில் பரிமாறும் பெண். அவளைச் சுற்றி ஒரு தெருவே இருக்கிறது. எப்போதும் ஏதாவது நோய் சொல்லிக்கொண்டிருக்கும் சிகரெட் கவுண்டர் ஜார்ஜெத், முன்னாள் காதலியை வேவு பார்த்து டேப் ரெக்கார்டரில் பதிவு செய்யும் ஜோசஃப், எழுதியது எதையும் யாரும் அச்சிடாத எழுத்தாளர் இப்போலீத்தோ, புருஷன் விட்டுப் போன வாசல்காவல் அம்மா, வேலைக்காரப் பையனை நாள் முழுதும் ஏசும் காய்கறிக் கடைக்காரர், தொட்டால் உடையும் எலும்புள்ள கிழவர் துஃபாயேல். பிரான்சில் மட்டும் எண்பது லட்சம் பேருக்கு மேல் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார்கள். 2002இல் பிரெஞ்சு சினிமாவின் பெரிய விருதான செசார், சிறந்த படம் உட்பட நான்கு. அதற்குமேல் விருதுக் கணக்கு நமக்கு வேண்டாம்.

படத்தின் முழுப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘அமேலி பூலேனின் அற்புத விதி’ என்று வரும். பெயரிலேயே விதி இருக்கிறதே, அப்புறம் எதற்குப் பட்டிமன்றம் என்று எதிரணித் தலைவர் ஐயா கேட்டார். ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று கம்பீரமாகக் குறளும் சொன்னார். அவையே கைதட்டியது, நானும் தட்டினேன். குறளுக்குக் குறள் எடுத்துப் போட்டால் பொழுது விடிந்துவிடும். நான் ஒரு காட்சியை எடுத்துப் போடுகிறேன். அதைப் பார்த்துவிட்டு நடுவர் சொல்லட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை. பிரெத்தோதோ என்று ஐம்பது வயதை ஒட்டிய ஒருவர் தெருவில் நடந்து வருகிறார். செவ்வாய்தோறும் இவர் ஒரு கோழி வாங்குவார். வறுத்து, சூடு ஆறுவதற்குள் முதுகெலும்போரம் ஒட்டியிருக்கும் இரண்டு துண்டுக் கறியை விரலால் தோண்டி எடுத்துச் சாப்பிடுவார். தனி ஆள். அன்றைக்கும் அதே கோழிக்காகத்தான் போகிறார். வழியில் ஒரு டெலிபோன் பூத். அவர் அதைத் தாண்டுகிற நேரம் பார்த்து உள்ளே மணி அடிக்கிறது. நிற்கிறார். சுற்றும் முற்றும் பார்க்கிறார். யாரும் வரவில்லை. மணி நிற்கவும் இல்லை. உள்ளே போகிறார், மணி நின்றுவிடுகிறது. அங்கே ஒரு தகரப் பெட்டி. துருப் பிடித்தது. சின்னது.

திறக்கிறார். சைக்கிள் பந்தய வீரர் பொம்மை, விளையாட்டுக் கார், கோலிக்குண்டுகள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் சிறுவனாக அவரே வீட்டுச் சுவரில் ஒளித்து வைத்த பெட்டி. 1959 டூர் தெ ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஸ்பெயின்காரர் பாஹமோந்தேஸ் ஜெயித்தது ஞாபகத்துக்கு வருகிறது. பள்ளிக்கூட முற்றத்தில் எல்லாருடைய கோலியையும் ஜெயித்து, பை நிறைய அடைத்துக்கொண்டபோது பை கிழிந்து தரையெல்லாம் குண்டு உருண்ட நாள் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த மனிதர் பூத்துக்குள் நின்று அழுகிறார்.

பிறகு பக்கத்துக் கடையில் போய் ஒரு கோப்பை மது கேட்கிறார். கை நடுங்குகிறது. தன்னைக் காக்கும் தேவதை செய்த வேலைதான் இது என்று நினைக்கிறார். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் பேசுகிறார். சின்ன வயதில் நேரம் நகரவே நகராது, திடீரென்று ஒரு நாள் பார்த்தால் ஐம்பது வயது, பிள்ளைப் பருவமெல்லாம் ஒரு துருப் பிடித்த பெட்டிக்குள் அடங்கிவிட்டது என்கிறார். எனக்கும் உன் வயதில் ஒரு மகள் இருக்கிறாள் அம்மா, பேசிப் பல வருஷம் ஆகிறது, பேரன் பிறந்திருக்கிறானாம், நானும் ஒரு பெட்டிக்குள் போவதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்கிறார்.

நடுவர் அவர்களே, அந்தப் பெண்தான் அமேலி. பூத்தில் பெட்டியை வைத்தவள் அவள். அவர் தாண்டும் நேரம் பார்த்து மணியை அடித்தவள் அவள். ஒரு கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அது விதி, தேவதை, அற்புதம். எழுந்து இந்தப் பக்கம் வந்து பாருங்கள். நாலைந்து நாள் தெருத்தெருவாக அலைந்து கால் வலித்த ஒரு பெண்ணின் வேலை.

என் வாதம் முழுவதும் இந்த இரண்டு இருக்கைக்கு நடுவில் இருக்கிறது. பெறுகிறவன் இருக்கையிலிருந்து பார்த்தால் விதி. கொடுத்தவள் இருக்கையிலிருந்து பார்த்தால் வேலை. எதிரணி நண்பர்கள் ஒருவர்கூட எழுந்து வந்து இந்த இருக்கையில் உட்காரவே இல்லை.

இதை நான் படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பேருந்துப் பயணத்தில் அப்பாவின் ஓய்வூதியப் புத்தகம் இருந்த பையை நான் தொலைத்துவிட்டேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் தபால்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தார். பழைய நாட்காட்டித் தாளில் சுற்றி, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது. உள்ளே புத்தகம், காகிதம் ஒன்றுகூடக் குறையாமல். அனுப்பியவர் பெயர் இல்லை. அம்மா அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு, கடவுள் கண் திறந்துவிட்டார் என்றார். நான் அந்த முகவரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதிப் பழகாத கை. ஒவ்வோர் எழுத்தும் குண்டு குண்டாக, கோடு போட்டு எழுதியது. கதவு எண்ணைத் தப்பாக எழுதி, அடித்து, மேலே திருத்தியிருந்தது. யாரோ ஒருவர் சாப்பிடுகிற சோற்றில் நாலு பருக்கை எடுத்து ஒட்டி, தன் காசில் அஞ்சல்தலை வாங்கி அனுப்பியிருக்கிறார். அம்மா கும்பிட்டதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் அந்தக் கையை மறந்துவிட எனக்கு மனம் வரவில்லை. இன்று வரை வரவில்லை.

சரி, எதிரணியின் சான்றுகளுக்கு வருகிறேன். ஒவ்வொன்றும் நல்ல சான்றுதான், லேசாகத் தள்ளிவிட முடியாது.

முதல் சான்று, படத்தின் தொடக்கம். 1973 செப்டம்பர் 3, மாலை 6 மணி 28 நிமிடம் 32 நொடி. நிமிடத்துக்கு 14,670 தடவை இறக்கை அடிக்கும் ஒரு நீல ஈ மோன்மார்த்தர் தெருவில் வந்து இறங்குகிறது. அதே நொடியில் ஓர் உணவகத்தில் காற்று மேசைவிரிப்புக்குள் புகுந்து கண்ணாடிக் கோப்பைகளை ஆட வைக்கிறது. அதே நொடியில்தான் அமேலி கருவாகிறாள். பார்த்தீர்களா, பிரபஞ்சமே சேர்ந்து அவளை உண்டாக்கியது என்றார் எதிரணி அம்மா. அழகாகத்தான் சொன்னார். ஆனால் ஒரே நொடியில் நடந்தது என்றால் ஒன்றால் மற்றது நடந்தது என்று ஆகிவிடுமா? அந்த ஈக்கும் அமேலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படம் முழுக்க அந்த ஈ திரும்பி வரவே இல்லை.

இன்னொன்று. அந்தப் பட்டியலில் மூன்றாவதாக ஒரு செய்தி இருக்கிறது, அம்மா அதை விட்டுவிட்டார். ஐந்தாவது மாடியில் ஒரு பெரியவர், நண்பரின் சவ அடக்கம் முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியவர், முகவரிப் புத்தகத்தை எடுத்து அந்த நண்பரின் பெயரை ரப்பரால் அழிக்கிறார். ஈ தானாக வந்தது, காற்று தானாக வந்தது. ரப்பர் தானாக வருமா? அந்தப் பெரியவர் எவ்வளவு நேரம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ! நம் வீட்டுப் பெரியவர்கள் செல்போனில் இறந்தவர் எண்ணை அழிக்க முடியாமல் வைத்திருக்கிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சான்று, தாயின் மரணம். நோத்ர்தாம் பேராலயத்துக்குச் சின்னப் பெண் அமேலியைக் கூட்டிக்கொண்டு, இன்னொரு குழந்தை வேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றப் போகிறாள் அம்மா. வெளியே வரும்போது, உயிரை விட மேலேயிருந்து குதித்த கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பெண் ஒருத்தி அவள் மேலேயே விழுகிறாள். இதைவிட விதி வேறென்ன என்று கேட்டார்கள். இது விபத்துதான், ஒப்புக்கொள்கிறேன். மனிதர் யாரும் திட்டமிடவில்லை. ஆனால் இது கதையின் ஆரம்பத்தில் நடக்கிறது. இதற்கு முன்னும் பின்னும் அந்த வீட்டில் என்ன நடந்தது? அப்பா ரஃபாயேல் ஒரு டாக்டர். மகளை மாதம் ஒருமுறை பரிசோதிக்கும்போது மட்டும்தான் தொடுவார். அப்பா தொடுகிறாரே என்ற சந்தோஷத்தில் குழந்தையின் நெஞ்சு படபடக்கும். அதைக் கேட்டு இதயத்தில் கோளாறு என்று முடிவு கட்டி, பள்ளிக்கே அனுப்பவில்லை. மனைவி போனபின் தோட்டத்தில் அவளுக்கு ஒரு நினைவு மாடம் கட்டி, ஒரு குள்ளன் பொம்மையை நட்டு, அதற்கு வண்ணம் பூசிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். வருஷக்கணக்கில். எங்கேயும் போகவில்லை. விதி தன் வேலையை ஒரே நொடியில் முடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த மனிதர் தன்னை விதியின் கையில் விட்டார். விட்டவுடன் கதை அங்கேயே நின்றுபோயிற்று.

மறுபடி நகர்த்தியது யார்? மகள். அப்பாவின் குள்ளன் பொம்மையை ஓசைப்படாமல் எடுத்து, விமானப் பணிப்பெண்ணாக இருக்கும் தோழியிடம் கொடுத்தனுப்புகிறாள். மாஸ்கோவிலிருந்து ஒரு புகைப்படம் வருகிறது, முன்னால் குள்ளன் நிற்கிறான். அப்புறம் ஊர் ஊராக, நாடு நாடாகப் படம் வருகிறது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பொம்மை உலகம் சுற்றுகிறது, நாம் வாசலைத் தாண்டவில்லையே என்று ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு டாக்ஸியில் ஏறுகிறார். அவரைக் கேட்டால் இதையும் விதி என்றுதான் சொல்வார்!

மூன்றாவது சான்று, அந்த மூடி. 1997 ஆகஸ்ட் கடைசியில் இளவரசி டயானா இறந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து அமேலி அதிர்ந்து நிற்கிறாள். கையிலிருந்த வாசனைத் திரவியப் புட்டியின் மூடி விழுகிறது, உருள்கிறது, சுவரோரத்து ஓட்டில் இடிக்கிறது, ஓடு கழன்று பின்னாலிருக்கும் பெட்டி தெரிகிறது. மூடி உருண்டது தற்செயல், இதில் என்ன வாதம் வேண்டியிருக்கிறது என்றார் ஐயா. வாதம் வேண்டாம் ஐயா, தற்செயல்தான். கேள்வி என்னவென்றால், அதற்குப் பிறகு உருண்டது எது? அந்தப் பெட்டியைப் பார்த்த பத்துப் பேரில் எத்தனை பேர் மறுநாள் காலையில் கிளம்பிப் போவார்கள்? அமேலி போகிறாள். பழைய குடித்தனக்காரர் யார் என்று கேட்டுக் கேட்டு, காய்கறிக் கடைக்காரரின் அம்மாவரை போகிறாள். அந்த அம்மா சொன்ன பெயர் ‘பிரெதோத்தோ’. அந்தப் பெயரில் பாரீஸில் இருப்பவர்களையெல்லாம் தேடிப் போகிறாள், ஆள் வேறு, ஆள் வேறு. கடைசியில் வீட்டை விட்டே வெளியே வராத துஃபாயேல் கிழவர், நீ தேடுகிற பெயர் அதுவல்ல, ‘பிரெத்தோதோ’ என்கிறார். நம் எழுத்தில் எழுதிப் பாருங்கள், ஒரே ஒரு ஒற்று இடம் மாறியிருக்கிறது. அந்த ஒரு ஒற்றுக்காக எத்தனை மாடிப்படி ஏறி இறங்கினாள் அந்தப் பெண்! பெட்டி அவரிடம் போய்ச் சேர வேண்டும் என்று விதி எழுதியிருந்தால், பெயரைச் சரியாக எழுதியிருக்கக் கூடாதா?

எதிரணியின் இளைய நண்பர் வண்ணத்துப்பூச்சியைக் கொண்டுவந்தார். இதே ஓத்ரே தோத்தூ ஒரு வருஷம் முன்னால் நடித்த இன்னொரு படத்துக்கு ‘வண்ணத்துப்பூச்சியின் சிறகடிப்பு’ என்றே பெயர், சின்னச் சின்னத் தற்செயல்களை வைத்தே முழுப் படம் என்றார். உண்மை. அந்த உவமையைப் பிரபலமாக்கிய வானிலை அறிவியலாளர் எட்வர்ட் லோரன்ஸையும் சொன்னார். பிரேசிலில் வண்ணத்துப்பூச்சி இறக்கையை அடித்தால் டெக்சாஸில் சூறாவளி கிளம்புமா என்பதுதான் 1972இல் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு. ஆனால் தம்பி, அந்த உரையில் லோரன்ஸ் இன்னொன்றும் சொன்னார். ஓர் இறக்கையடிப்பு சூறாவளியை உண்டாக்க முடியும் என்றால், அதே அளவுக்கு வரவிருந்த சூறாவளியைத் தடுக்கவும் முடியும் என்றார். அதாவது, எது எதில் போய் முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் அவர் கருத்து. விதி என்றால் எல்லாம் முன்பே எழுதப்பட்டது. தற்செயல் என்றால் எதுவுமே எழுதப்படவில்லை. இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது எதிரணி. வண்டி எந்தப் பக்கம் போகும்?

படம் உருவானதே தற்செயல் என்றும் ஒரு செய்தி சொன்னார்கள். முதலில் ஆங்கில நடிகை எமிலி வாட்சனை மனத்தில் வைத்து எழுதினார் ழனே, அவர் வர முடியாமல் போயிற்று, பிறகு ஒரு நாள் தெருவில் சினிமாச் சுவரொட்டியில் தோத்தூவின் கண்களைப் பார்த்தார். உண்மைதான். அந்தச் சுவரொட்டியைப் பாரீஸில் எத்தனை ஆயிரம் பேர் தாண்டிப் போயிருப்பார்கள்? நின்று, பெயரை விசாரித்து, கூப்பிட்டு நடிக்க வைத்துப் பார்த்தவர் ஒருவர். அதே மனிதர் படத்தில் தெருவை எப்படிக் காட்டினார் தெரியுமா? நிறுத்தியிருந்த கார்களை அப்புறப்படுத்தி, சுவர்க் கிறுக்கல்களைத் துடைத்து, பச்சையும் சிவப்பும் மஞ்சளும் தன் விருப்பப்படி ஏற்றி. இது பாரீஸே இல்லை என்று பிரான்சிலேயே சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றும். ஆனால் ஒரு சுவரைக்கூடத் தற்செயலுக்கு விடாத ஆளின் படத்தைத் தற்செயலின் புகழ் பாடும் படம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இப்போது எனக்கே சங்கடமான இடத்துக்கு வருகிறேன். வாசல்காவல் அம்மா மதலேன் வாலாஸ். புருஷன் செயலாளர்ப் பெண்ணோடு ஓடிப்போய், தென் அமெரிக்காவில் செத்தும் போனான். அவன் ஆரம்ப காலத்தில் எழுதிய காதல் கடிதங்களை இன்னும் படித்துப் படித்து அழுகிறாள் அந்த அம்மா. எஜமானின் படத்தைப் பார்த்தபடியே செத்துப்போன நாயைப் பஞ்சடைத்து வைத்திருக்கிறாள். அமேலி என்ன செய்கிறாள்? அந்தக் கடிதங்களை எடுத்து, நகல் போட்டு, வார்த்தை வார்த்தையாக வெட்டி ஒட்டி, ‘உன்னிடமே திரும்பி வருகிறேன்’ என்று அவன் எழுதியதுபோல் ஒரு புதுக் கடிதம் செய்கிறாள். தேநீரில் ஊற வைத்துப் பழசாக்குகிறாள். மோன் பிளாங் மலையில் விழுந்த விமானத்தின் தபால் பை பல வருஷம் கழித்துக் கிடைத்ததாகச் செய்தி வந்திருந்தது. அந்தப் பையில் இருந்ததாகச் சொல்லி அனுப்பிவிடுகிறாள். இப்படி நடக்குமா என்று கேட்காதீர்கள். நம் அணு விஞ்ஞானி ஹோமி பாபா இறந்தாரே, 1966இல் ஏர் இந்தியா விமானம், அது விழுந்தது அதே மலையில்தான். அதிலிருந்த ஒரு தபால் பை 2012இல் பனிக்குள்ளிருந்து கிடைத்தது.

இது பொய்யல்லவா, அடுத்தவர் துக்கத்தில் கைவைக்கலாமா என்று எதிரணி அம்மா கேட்டார். அந்தக் கேள்வி என்னையும் குடைகிறது. அந்த அம்மா மிச்ச வாழ்நாளெல்லாம் ஒரு பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாழப்போகிறாளே என்று நினைத்தால் எனக்கு முழு நிம்மதி இல்லை. பூட்டிய வீட்டுக்குள் புகுந்து காய்கறிக் கடைக்காரரின் செருப்பைச் சின்ன அளவுக்கு மாற்றியதும், பற்பசை இருந்த இடத்தில் காலுக்குப் பூசும் களிம்பை வைத்ததும் அப்படித்தான். அந்தப் பையன் லூசியனை அவர் படுத்திய பாட்டுக்கு வேண்டியதுதான் என்று ஒரு மனம் சொல்கிறது, தப்பு என்று இன்னொரு மனம் சொல்கிறது. ஆனால் அம்மா, நீங்கள் கேட்ட கேள்வியிலேயே என் வாதம் இருக்கிறது. விதி செய்த வேலையாக இருந்தால் சரியா தப்பா என்று கேட்போமா? ஈயைப் பார்த்து யாராவது கேட்டோமா? அமேலியைப் பார்த்துத்தான் கேட்கிறோம்.

அவள் கைவேலை பிசகவும் செய்கிறது. ஜோசஃப் மனத்தில் ஜார்ஜெத்தைப் பற்றியும், ஜார்ஜெத் மனத்தில் ஜோசஃபைப் பற்றியும் நைசாக ஆசையை மூட்டிவிடுகிறாள். இரண்டும் பற்றிக்கொள்கிறது. ஆனால் கொஞ்ச நாளில் ஜோசஃப் பழையபடி சந்தேகப் பேயாகி, இப்போது ஜார்ஜெத்தை வேவு பார்க்கிறான். மனிதர் கட்டியது என்றால் இப்படித்தான் எங்காவது ஒரு மூலையில் ஒழுகும்.

எதிரணியில் யாரும் தொடாத ஒரு சான்று என் கையில் இருக்கிறது. நீனோ என்று ஒரு பையன். தானியங்கிப் புகைப்பட எந்திரங்களுக்கு அடியில் ஜனங்கள் கிழித்துப் போடும் படங்களைப் பொறுக்கி, துண்டு துண்டாகப் பொருத்தி ஆல்பத்தில் ஒட்டுகிறவன். அமேலிக்கு அவன்மேல் காதல். அவன் தொலைத்த ஆல்பம் அவள் கையில் கிடைக்கிறது. அதில் ஒரு மர்மம். ஒரே மனிதர், வழுக்கைத் தலை, முகத்தில் ஓர் உணர்ச்சியும் இல்லை, பாரீஸின் எல்லாப் புகைப்பட எந்திரங்களிலும் படம் எடுத்திருக்கிறார், எடுத்ததையெல்லாம் கிழித்துப் போட்டிருக்கிறார். ஏன்? செத்துப்போன மனிதரா, தன் முகம் மறந்துபோகும் என்று பயந்து வந்து வந்து எடுத்துக்கொள்கிறாரா என்று அமேலி யோசிக்கிறாள். பார்க்கிற நமக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

அவர் யார் தெரியுமா? எந்திரம் பழுது பார்க்கிற தொழிலாளி. சரி செய்தபின் வேலை செய்கிறதா என்று உட்கார்ந்து ஒரு படம் எடுத்துப் பார்ப்பார், கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த எந்திரத்துக்குப் போவார். அவ்வளவுதான்! படம் முழுக்க விதிபோல மறுபடி மறுபடி வந்த முகம், தன் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரு மனிதரின் முகம். அதை நீனோ தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று, ரயில் நிலையத்து எந்திரத்தை வேண்டுமென்றே பழுதாக்கி, அவரையும் இவனையும் ஒரே இடத்துக்கு வரவழைக்கிறாள் அமேலி. இயக்குநர் இதைவிடத் தெளிவாக எனக்குச் சாட்சி சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. அடுத்தவர் விஷயத்தில் இத்தனை துணிந்த பெண், தன் விஷயத்தில் என்ன செய்தாள்? நீனோ காப்பிக்கடைக்கே வந்து, படத்தைக் காட்டி, இது நீங்கள்தானே என்று கேட்கிறான். தலையை ஆட்டி இல்லை என்கிறாள். வர வேண்டியது வரட்டும் என்று தன்னைப் பொறுத்தவரை அவளும் எதிரணியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவன் வரத் தாமதமானால் கொள்ளைக்காரர் பிடித்துப் போய் ஆப்கானிஸ்தான்வரை கொண்டுபோய்விட்டார்களோ என்று மனத்துக்குள்ளேயே கதை கட்டுகிறாள். எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. விதி வரும் வரும் என்று உட்கார்ந்தவளிடம் என்ன வந்தது? வீட்டில் தனியாக அழுதுகொண்டு கேக் செய்கிறாள். பின்னால் பாசிமணித் திரை அசைகிறது. அவன்தான் என்று திரும்பினால், பூனை.

அப்போது மற்றவர்கள் கை நீள்கிறது. கடையில் கூட வேலை செய்யும் ஜீனா, நீனோவை உட்கார வைத்துப் பழமொழி கேட்டுச் சோதிக்கிறாள். பாதி சொல்வாள், மீதியை அவன் முடிக்க வேண்டும். பழமொழி தெரிந்தவன் கெட்டவனாக இருக்க மாட்டான் என்பது அவர்கள் குடும்பத்து நம்பிக்கையாம். நம் பாட்டிகள் கேட்டால் மடியில் உட்கார வைத்துக்கொள்வார்கள் அந்தப் பெண்ணை. நீனோ அமேலி வீட்டு வாசலுக்கே வருகிறான், மணி அடிக்கிறான். கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், திறக்கவில்லை. அவன் போய்விடுகிறான்.

தொலைபேசி மணி. எதிர்வீட்டுத் துஃபாயேல் கிழவர். உள்ளே போய்ப் பார் என்கிறார். அங்கே வீடியோவில் அவர் முகம். இருபது வருஷமாக, வருஷத்துக்கு ஒன்றாக, ரெனுவாரின் ‘படகோட்டிகளின் விருந்து’ ஓவியத்தையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கும் மனிதர். அதில் தண்ணீர்க் கோப்பையோடு இருக்கும் பெண்ணின் பார்வை மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. அவர் சொல்கிறார்: உன் எலும்பு கண்ணாடி இல்லை அம்மா, வாழ்க்கையில் இடித்துக்கொண்டாலும் தாங்குவாய், இந்த வாய்ப்பை விட்டால் உன் மனம்தான் காய்ந்து என் எலும்பைப்போல் ஆகிவிடும், போ. நாற்காலிக்குக்கூடப் பஞ்சு சுற்றி வைத்து, கையைக் குலுக்கவும் பயந்து வாழ்கிற மனிதர் இதைச் சொல்கிறார். நான் எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் கண் நிறைந்துவிடுகிறது.

அமேலி ஓடுகிறாள். கதவைத் திறக்கிறாள். போய்விட்டான் என்று நினைத்த நீனோ அங்கேயே நிற்கிறான். இதோ பாருங்கள், தற்செயல் என்று எதிரணி துள்ளலாம். துள்ளுங்கள். திரும்பி வந்து நின்றவன் ஒரு மனிதன், கதவைத் திறந்தவள் ஒரு பெண்.

நேரம் முடிந்தது என்று எனக்கும் மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் நடுவர் அவர்கள் பிரெத்தோதோவை இன்னொரு தடவை நினைத்துக்கொள்ள வேண்டும். படம் முடிகிற நேரத்தில் அவர் மறுபடி வருகிறார். மேசையில் அதே வறுத்த கோழி. எதிரே பேரன். முதுகெலும்போரத்து அந்த இரண்டு துண்டை விரலால் தோண்டி எடுக்கிறார். இத்தனை வருஷம் தன் வாய்க்குப் போனதை, இந்தத் தடவை பேரனுக்குக் கொடுக்கிறார்.

நன்றி, வணக்கம்.